தலைமாட்டில் ஓர் அடை

(நம் சங்கக் கூடத்தில் நடந்த கிறிஸ்துமஸ் மாலையில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 32 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவளை நம்பி மைக்கைக் கொடுப்பது ஆபத்து என்று செயலாளருக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் லாரி, லிஃப்ட், பராமரிப்புச் சந்தா எதைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. நிம்மதியாக உட்காருங்கள்.

பெத்லகேம் கதையைப் பிள்ளைகள் இப்போது நாடகமாக நடித்துக் காட்டினார்கள். நான் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எலியா என்ற தீர்க்கதரிசி. எங்கள் வேதாகமத்தில் முதலாம் இராஜாக்கள் புத்தகத்தில் வருகிறவர்.

எலியா சாதாரண ஆள் இல்லை. ராஜாவின் முகத்துக்கு நேராகப் பேசியவர். கர்மேல் மலையில் தனி ஒருவராக நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர். அப்படிப்பட்டவருக்கு ராணி யேசபேல், நாளைக்குள் உன் உயிரை எடுப்பேன் என்று சொல்லி அனுப்புகிறாள். அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோகிறார். ஓடுகிறார். பெயெர்செபாவுக்கு வந்ததும் கூட இருந்த வேலைக்காரனை அங்கேயே விட்டுவிடுகிறார். அப்புறம் தனியாக ஒரு நாள் பயணம் வனாந்தரத்துக்குள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார்.

ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அக்கினி இறங்குகிற இடத்தைத்தான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். சூரைச்செடியை இரண்டு வரியில் தாண்டிவிடுவேன். அதன் அடியில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீட்டுச் செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. முதல் நான்கு மாதம் ராத்திரி தூக்கம் என்பதே கிடையாது. இரண்டு மணிக்கு ஒருதரம், நான்கு மணிக்கு ஒருதரம் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரில். நான் என்ன செய்தேன் தெரியுமா? எலியா செய்ததைத்தான் செய்தேன். கூட இருக்கிறவர்களை ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவை ஊமையாக்கினேன். காலிங் பெல் அடித்தால் சத்தம் போடாமல் இருந்துவிடுவேன். யாராவது கேட்டால், "நல்லா இருக்கோம், தேவையிருந்தா சொல்றேன்" என்பேன். களைத்துப் போனவர்கள் முதலில் அனுப்பிவிடுவது பக்கத்தில் இருப்பவரைத்தான்.

ஜெபமும் நின்றுவிட்டது. சபையில் எத்தனை பேருக்காகவோ ஜெபித்தவள், ஒரு ராத்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "போதும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். அது ஜெபமா, சண்டையா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை எதிர் வீட்டு அம்மா பெல் அடித்தார். நான் திறக்கவில்லை. அவர் போகவும் இல்லை. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. கதவைத் திறந்தபோது கையில் ஒரு டிபன் பாக்ஸ். "டீச்சர், இதைச் சாப்பிட்டுட்டு நீங்க போய்ப் படுங்க. பன்னிரண்டு மணி வரைக்கும் சாரை நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிபன் பாக்ஸில் ரவா உப்புமா. எனக்கு உப்புமா பிடிக்காது என்பது என் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அன்று ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

எழுந்த பிறகுதான் சூரைச்செடி ஞாபகம் வந்தது. சாகவேண்டும் என்று கேட்டவரிடம் கடவுள் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணவில்லை. நீயெல்லாம் ஒரு தீர்க்கதரிசியா என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். ஆமாம், எங்கள் தமிழ் வேதாகமத்தில் அடை என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் நம் வீட்டு அடுப்படியை அறிந்தவராக இருக்க வேண்டும். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறார். அதற்கும் திட்டு இல்லை. தூதன் இரண்டாம் முறை வந்து எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். கடவுள் கேள்வி கேட்பது அங்கேதான். அதுவும் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் இல்லை, அவை ஓய்ந்த பிறகு ஒரு மெல்லிய குரலில்.

இயேசுவும் அப்படித்தான். மூன்று முறை அவரைத் தெரியாது என்று சொன்ன பேதுரு, ராத்திரி முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் கரைக்கு வருகிறார். அங்கே உயிர்த்தெழுந்த இயேசு கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். முதலில் சாப்பாடு. என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

என் கணவர் எழுந்து நடந்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. இதோ மூன்றாவது வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். வலது கை இன்னும் மேலே வரவில்லை. நான் ஜெபித்தேன், அற்புதம் நடந்தது என்று சொல்லிவிட்டு இறங்கினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய்யாகிவிடும். நம்பிக்கை இருந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லி, சரியாகாதவர்களைக் குற்றவாளி ஆக்குகிறவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

அவருக்குச் சிகிச்சைக்காக வேலூர் போயிருந்தபோது டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டர். 1954-இல் நடந்த ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரில் இருக்கிறது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார். கடைசிவரை அவர் நடக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய வேலையால் எத்தனையோ பேர் மறுபடியும் தன் கையால் சாப்பிடவும் ஊன்றுகோலோடு நிற்கவும் பழகினார்கள். அந்த ஊரில் அவருடைய கதையைக் கேட்ட பிறகுதான், "எப்போது சரியாகும்" என்று டாக்டர்களைக் கேட்பதை நிறுத்தினேன். "இன்றைக்கு என்ன செய்யலாம்" என்று கேட்க ஆரம்பித்தேன். போன மாதம் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். சட்டை முழுக்க ரசம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

எலியா கதையில் ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் ஒருவன்தான் மீதி என்று அவர் புலம்புகிறார். கடவுள் சொல்கிற கணக்கு 7000 பேர். அவருக்குத் தெரியாமலே அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். நம் குடியிருப்பிலும் ராத்திரி மூன்று மணிக்கு எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால், தினமும் நாலைந்து ஜன்னல்களில் விளக்கு எரிகிறது. அந்த வீடுகளில் யார் படுத்திருக்கிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் இங்கே வந்திருந்தால், அல்லது இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை எதிர் வீட்டு அம்மா எங்கள் வீட்டில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை எனக்குத் தூக்கம் வேண்டும், அதை விடமாட்டேன். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம் நான் உங்கள் வீட்டில் வந்து உட்கார முடியும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னால் போதும். டிபனும் கொண்டு வருகிறேன். உப்புமாவை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.