ஏரி நீரும் குடிநீரும்

வாலாஜாபாத்திலிருந்து எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும் சிறிது தொலைவுக்குள் ஓர் ஏரிக்கரை எதிர்ப்படும். ஒருபுறம் தென்னேரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. தெற்கே பாலாற்றைக் கடந்து சென்றால், உத்திரமேரூரில் பல்லவர் காலத்து வயிரமேக தடாகம். அவ்வூர்க் கல்வெட்டுகளை மாணவர் பலரும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப் பெற்றவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தினர். ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு குழு இருந்தது என்றால், அந்நீரின் அருமையை அக்காலத்தார் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பது விளங்கும்.

எனினும் அவ்வேரி உழவுக்கு உரியது. நம் முன்னோர் நீர்நிலைகளுக்கு இட்ட பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏருக்கு உதவுவது ஏரி என்பர். குளிப்பதற்கு உரியது குளம் என்பர். ஊரார் உண்ணும் நீர் நிற்பது ஊருணி. ஊருணியில் கால் கழுவவும் ஒப்பாத ஊர்கள் உண்டு. அதே ஊரில் ஏரியிலே மாடு குளிப்பாட்டுவர், துணி துவைப்பர், அதனை யாரும் குறை கூறுவதில்லை. கிருமி என்னும் பொருளை எவரும் கண்ணால் காணாத காலத்திலேயே, குடிக்கும் நீரைப் பிற நீரினின்று பிரித்து வைத்தனர். பெயரிலேயே பாதிச் சுகாதாரம் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் ஏரி நீரையே அள்ளிக் குடித்தாக வேண்டிய நாளும் வருவதுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2021 நவம்பரில், பல ஆண்டுகள் வெறும் மணலாகக் கிடந்த பாலாறு இரு கரையும் புரண்டு ஓடிற்று. இத்தகைய நாள்களில் முதலில் மின்சாரம் நிற்கும். மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது; மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. கைப்பம்பு வெள்ளத்தில் மூழ்கிவிடும். கிணற்றுக்குள் தெருவின் அழுக்கெல்லாம் வழிந்து சேரும். எங்கும் நீர், குடிக்க மட்டும் இல்லை. அந்த இரண்டு மூன்று நாள்களை எப்படிக் கடப்பது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. இவ்வேறுபாட்டை அறிய உலகம் பெரும் விலை கொடுத்தது. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் காலராவை ஆராய்ந்தார். அந்நகரப் புறத்தே ஒரு குளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களிடையே நோய் பரவியிருந்தது. அக்குளத்தில்தான் குளித்தனர், அதிலேதான் காலராவால் இறந்தவரின் துணியைத் துவைத்தனர், அதிலிருந்துதான் குடிக்கவும் முகந்தனர். அந்நீரில் அவர் காற்புள்ளி வடிவக் கிருமியைக் கண்டார். நம் சென்னையும் நெடுங்காலம் ஏரி நீரை வடிகட்டாமலே குடித்த நகரம். 1872 முதல் செங்குன்றம் ஏரியின் நீர் கால்வாய் வழியே வந்து, அப்படியே குழாய்களில் ஓடிற்று. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தது 1914இல்.

மணலின் ஆற்றலை 1892ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரம் மெய்ப்பித்தது. ஹாம்பர்க்கும் அல்டோனாவும் ஒட்டி நின்ற இரட்டை நகரங்கள். இரண்டும் எல்ப் ஆற்று நீரையே குடித்தன. ஹாம்பர்க் வடிகட்டாமல் குடித்தது. அங்கே எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் காலராவால் மாண்டனர். அல்டோனாவோ, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த நீரை மணலில் மெல்ல வடித்துக் குடித்தது, பெரும்பாலும் தப்பிற்று. எல்லைத் தெருவின் ஒரு சிறகில் நோய். மறு சிறகில் இல்லை.

இதைக் கேட்டவுடன், வீட்டிலே குடத்தின்மேல் குடமாக அடுக்கி, மணலும் கரியும் இட்டு வடிகட்டினால் போதுமே என்று எண்ணத் தோன்றும். போதாது. அல்டோனாவின் மணலுக்கு மேலே நாளடைவில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று படிந்திருந்தது. அதுவே கிருமிகளைப் பிடித்து அழித்தது. அப்படலம் உருவாக நாள் பல, சில வேளை வாரங்களும் ஆகும். இன்று அள்ளி இட்ட மணல் சேற்றைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. அடுக்குக் குடத்து நீரை முதற்படியாக மட்டுமே கொள்ளுதல் வேண்டும்.

இனி வீட்டுச் செயலுக்கு வருவோம். முகக்கும் இடத்திலேயே பாதி வேலை முடிகிறது. மாடு இறங்கும் துறை, சாக்கடை கலக்கும் மூலை, தூர்ந்து சேறான ஓரம் ஆகியவற்றை விலக்குக. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அக்கரையில் நீர் எடுத்தல் நலம். மிதக்கும் நுரையும் பாசியும் எதிர்க்கரையில்தான் ஒதுங்கும். பச்சை வண்ணம் கரைத்துவிட்டாற்போல நீர்மேல் ஆடை படிந்திருந்தால் அவ்விடத்து நீர் வேண்டவே வேண்டா. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போவதில்லை.

பாலாற்றங்கரையில் வாழ்வோர்க்கு மற்றொரு வழியும் தெரியும். நீர் வடிந்த மணலில் ஊற்றுத் தோண்டி, முதலில் ஊறும் கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டு, பின் சுரப்பதை அகப்பையால் மொண்டு எடுப்பர். ஏரி நீரைவிட அது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆயினும் அதையும் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தமிழர் கையாண்ட பொருள் தேற்றாங்கொட்டை. நீரைத் தேற்றுவதால் அப்பெயர். குடத்தின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்த்து நீரை ஊற்றி வைத்தால், சேறு திரண்டு அடியில் படியும். முருங்கை விதைப் பருப்பின் பொடிக்கும் இக்குணம் உண்டு. சூடான் நாட்டுப் பெண்கள் நைல் ஆற்றின் செங்கலங்கலை இதனால் தெளிவித்தனர். கைக்கு எளிதில் கிடைப்பது படிகாரம். கட்டியை நீரில் சில சுற்றுச் சுழற்றி எடுத்துவிட்டு, இரவு முழுதும் அசையாமல் வைத்தால், காலையில் மேல்நீர் தெளிந்திருக்கும். சேற்றுத் துகள்கள் எதிரெதிரே விலகி நிற்பது அவை ஒரே வகை மின்னேற்றம் கொண்டிருப்பதால். படிகாரம் அம்மின்னேற்றத்தைப் போக்கவே அவை ஒட்டிக் கனத்து விழுகின்றன. கல்லூரியில் வேதியியல் பயில்வோர் இதனை ஒரு கண்ணாடிக் குவளையில் செய்து காணலாம். பரிசோதனைகளில் இதைவிட அழகானது குறைவு.

தெளிந்த மேல்நீரைத் துணியில் வடிகட்டுக. பழம்புடவையே சிறந்தது, பலமுறை துவைத்த நூல் நைந்து, கண்கள் சிறுத்திருக்கும். வங்காள தேசத்துச் சிற்றூர்களில் ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர், புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டச் செய்து, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியிட்டனர். காலராக் கிருமிகள் நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களோடு ஒட்டி வாழ்வதே அதன் காரணம். நரம்புச் சிலந்தி நோயையும் துணி வடிகட்டல் பெரிதும் விரட்டிற்று. அந்நோய் அற்ற நாடு என்று இந்தியா 2000ஆம் ஆண்டில் சான்று பெற்றது. ஆனால் பாதி குறைந்தது என்றால் பாதி எஞ்சியது என்பதும் பொருள். தனியே திரியும் கிருமிக்குத் துணி தடையாகாது.

ஆகவே காய்ச்சுதல். எத்தனை நிமிடம் என்று பலரும் கேட்பர். பத்து நிமிடம், இருபது நிமிடம், பாதியாக வற்றும்வரை என்றெல்லாம் கூறுவோர் உண்டு. அவ்வளவும் வீண் செலவு. நோய்க் கிருமிகளுள் பெரும்பாலானவை 70 டிகிரி வெப்பத்திலேயே விரைவில் மடிகின்றன. நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் நம் சமவெளியில் போதும். மழையில் விறகு நனைந்து, எரிவாயு உருளையும் தீரும் நிலையில் இருக்கும் நாளில் இதை அறிந்திருப்பது பெரும் சிக்கனம். காய்ச்சிய நீரைக் காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆறவிடுங்கள்.

எரிபொருளே இல்லையெனின் பிளீச்சிங் பவுடர் கைகொடுக்கும். தெளிந்த நீர் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் என்பது பொது அளவு. ஒரு குடத்துக்கு இதைக் கையால் அளக்க முடியாது; ஒரு சிட்டிகை என்று போட்டால் மிகுந்துவிடும். எனவே 2.5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிய விடுங்கள். அத்தெளிவில் ஒரு மில்லிலிட்டர், ஒரு லிட்டர் நீருக்கு உரிய மருந்து. 15 லிட்டர்க் குடத்துக்கு 15 மில்லிலிட்டர். கணக்கு இவ்வளவே. ஏரி நீரில் இலை தழைச் சாறு மிகுதி. அது குளோரினைத் தின்றுவிடும். ஆதலால் குடத்துக்கு 30 மில்லிலிட்டர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் பொறுத்து முகர்ந்து பாருங்கள். மெல்லிய குளோரின் மணம் இருந்தால் நீர் ஆயத்தம். மணம் இல்லையேல் மீண்டும் அதே அளவு சேர்த்து அரை மணி காத்திருங்கள். கரைசலை அன்றன்று புதிதாகச் செய்தல் வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். குளோரின் வில்லை கிடைத்தால் உறையில் கண்ட அளவே அளவு; எல்லா வில்லைகளும் ஒரே வலிமை உடையன அல்ல. அக்காலத்தில் கிணறுகளில் இட்ட பெர்மாங்கனேட்டை நம்ப வேண்டா. காலராக் கிருமியைத் தாக்கும், மற்றவற்றுக்கு அது போதாது.

மழை ஓய்ந்து வெயில் எழுந்தால் கதிரவனே உதவுவான். பெய்ரூத் நகரில் ஆஃப்திம் ஆக்ரா என்பவர் 1980இல் விளக்கிய முறை இது. நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். வானம் பாதி மூடியிருந்தால் இரண்டு நாள். புட்டியின் வழியே செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடியாவிட்டால் அந்நீர் இம்முறைக்கு ஏற்றதன்று.

இவையாவும் உயிருள்ள மாசுக்கே மருந்து. உப்பு, பூச்சிமருந்து, தொழிற்சாலைக் கழிவு ஆகியவற்றைக் காய்ச்சுதல் நீக்காது. நீர் வற்ற வற்ற அவை செறியும். பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலால் நேர்ந்த கேட்டைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அத்தகைய நீரை வீட்டு அடுப்பால் திருத்த முடியாது. எண்ணெய்ப் படலமோ மருந்து நெடியோ உள்ள நீரை விலக்கிவிட்டு, கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடியுங்கள். முதல் மழை கூரையைக் கழுவிய பின், சுத்தமான துணி கட்டிய அண்டாவில் பிடித்த நீரும் காய்ச்சினால் குடிக்கத் தகும்.

தூய்மையாக்கிய நீரைக் கெடுப்பது பெரும்பாலும் கைதான். அண்டாவுக்குள் குவளையும் விரலும் சேர்ந்தே இறங்குகின்றன. வாய் குறுகிய குடத்தில் மூடி வைத்துச் சாய்த்து ஊற்றுங்கள். அல்லது நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தைக்குப் பால் கரைக்கும் நீர், காய்ச்சிய நீராகவே இருக்கட்டும்.

நான்காம் நாள் மின்சாரம் வந்து, தெருக்குழாயில் மீண்டும் நீர் வரும். வெள்ளத்தின்போது உடைந்த குழாய்களுள் சேறு புகுந்திருக்கக்கூடும். ஆகவே முதலில் வரும் நீரைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். தொட்டி கழுவிக் குளோரின் இடப்பட்டது என்று ஊராட்சியார் அறிவிக்கும்வரை, அந்நீரையும் ஏரி நீர்போலவே கருதிக் காய்ச்சிக் குடியுங்கள்.