லிஃப்ட்டில் ஏறாத மூன்று வாரம்

(ஆகஸ்ட் 15 அன்று நம் குடியிருப்பில் கொடியேற்றம் முடிந்தபின், பிளஸ் டூ மாணவர்களுக்குப் பரிசு வழங்கிய நிகழ்ச்சியில் பேசியது.)



போன வருஷம் இதே இடத்தில் எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தீர்கள். பிளஸ் டூ கணக்கில் 98 மார்க். இந்த வருஷம், "இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டாய், கல்லூரி பற்றி ஐந்து நிமிடம் பேசு" என்று செயலாளர் அங்கிள் கேட்டார். பேசுகிறேன். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டுப் பேச மனம் வரவில்லை. ஷீல்டு வாங்கிய அதே கணக்கில்தான் நான் முதல் செமஸ்டரில் பெயில்.

நான் படிப்பது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரி. எங்கள் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100 மார்க்குக்கு எழுதுவோம். அதில் 45 எடுக்க வேண்டும், இன்டர்னலையும் சேர்த்து மொத்தம் 50 வர வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தின் பெயர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. பிளஸ் டூ புத்தகத்திலும் அணிகள் உண்டு, வகை நுண்கணிதம் உண்டு, தொகை நுண்கணிதம் உண்டு. தெரிந்த பாடம்தானே என்று பைத்தான், இயற்பியல் எல்லாம் படித்தேன், இதை மட்டும் தொடவில்லை. பிளஸ் டூவில் பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு மனதில் ஏற்றியிருந்தேன். இங்கே இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றச் சொன்னால், முதலில் அந்தப் பகுதியைப் படமாக வரையத் தெரிய வேண்டும். எனக்கு வரையத் தெரியவில்லை.

ரிசல்ட் வந்தது. வீட்டில் "இன்னும் வரவில்லை" என்று சொன்னேன். லிஃப்ட்டில் யாராவது "எவ்வளவு மார்க்?" என்று கேட்பார்களே என்று மூன்று வாரம் நாலாவது மாடிக்குப் படியேறிப் போனேன். கேட்டவர்கள் அன்பாகத்தான் கேட்டீர்கள். பயம் என்னுடையது.

அந்தப் பொய்யால் ஒரு நஷ்டமும் ஆனது. விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம். எங்கே தவறு செய்தோம் என்று நம் கையெழுத்திலேயே பார்க்கலாம். அதற்குச் சில நாள்தான் அவகாசம், பணமும் கட்ட வேண்டும். வீட்டில் சொல்லாததால் அந்த நாட்கள் போய்விட்டன.

கடைசியில் அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் வந்தது. வேறு வழியில்லாமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு கட்டணும், கடைசி தேதி என்ன?" என்றார். அவ்வளவுதான். இதற்கா மூன்று வாரம் படியேறினேன்!

அதன் பிறகு நம் சி பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தாத்தா, தினமும் சாயங்காலம் அசோசியேஷன் அறையில் உட்கார்ந்தார். அவர் கணக்குச் சொல்லித் தரவில்லை. "நீ எனக்குச் சொல்லிக்கொடு" என்பார். ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று வாயால் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கே புரியவில்லை என்பது தெரிந்தது. இரண்டாம் செமஸ்டர் பாடங்களோடு அரியரையும் எழுதினேன். இப்போது எல்லாமே பாஸ்.

இன்று பரிசு வாங்கும் தம்பி தங்கைகளே, தெரிந்த பாடம் என்று எதையும் ஒதுக்காதீர்கள். முதல் இன்டர்னலில் மார்க் குறைந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். 75 சதவீத வருகைப்பதிவு போதும் என்று கணக்குப் போட்டு வகுப்பைத் தவிர்க்காதீர்கள்.

பெரியவர்களிடம் இரண்டு வேண்டுகோள். தேர்வு மாதங்களில் அசோசியேஷன் அறையை இரவு 11 மணி வரை திறந்து வைத்தால் வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும். சாவிக்கும் விளக்கு அணைப்பதற்கும் நான் பொறுப்பு. இன்னொன்று, லிஃப்ட்டில் எங்களைப் பார்த்தால் மார்க் கேட்பதற்குப் பதில், "இப்போ என்ன படிக்கிறே?" என்று கேளுங்கள். அதற்கு எங்களால் எப்போதும் பதில் சொல்ல முடியும்.