தொடுதிரையில் விரலும் தமிழில் வினையும்



மொழியியல் பொழிவுக்கு இசைக்கருவியைப் பொருளாகக் கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். இன்றைய மேடையில் விசைப்பலகை வாசிக்கும் இளைஞரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அவர் பக்கத்தில் ஒரு பலகைக் கணினி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பாடகியின் குரலுக்குக் கார்வை கூட்டுவதும், குழலின் ஓசையைத் தொலைவிலிருந்து வருவதுபோல் ஆக்குவதும், நான்கு அடவு தாளத்தைப் பதிந்து சுழலவிடுவதும் கண்ணாடியின்மேல் நகரும் ஒரு விரலின் வேலை. 1999ஆம் ஆண்டு கோர்க் நிறுவனம் காவோஸ் பேட் என்னும் தொடுதட்டை வெளியிட்டது. விரல் கிடையாக நகர்ந்தால் ஓசையின் ஒரு பண்பு மாறும். மேலும் கீழும் நகர்ந்தால் வேறொரு பண்பு மாறும். 2010இல் ஐபேட் வந்தபின் அந்தத் தட்டே செயலியாகித் திரைக்குள் புகுந்துகொண்டது.

இதனால் நம் இசைக்கு நேர்ந்தது என்ன? கட்டைகள் உடைய கருவியில் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வெட்டு உண்டு. ஆர்மோனியத்தின் மீது கூறப்பட்ட குற்றங்களுள் இதுவும் ஒன்று. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கியே வைத்திருந்தது. கண்ணாடித் திரையில் அந்த வெட்டு இல்லை. விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும். 2015இல் வெளிவந்த ஜியோஷ்ரெட் என்னும் செயலியைக் கொண்டு மகேஷ் ராகவன் ஐபேட் திரையிலேயே கருநாடக இராகங்களைக் கமகத்தோடு வாசித்துக் காட்டியிருக்கிறார். ஏ. ஆர். இரகுமான் வாசிக்கும் கண்டினியம் திரையன்று, மென்மையான தொடுபரப்பு. ஆயினும் அடிப்படை ஒன்றே. பழையது என்று நாம் கருதும் கமகத்தைப் புதியது என்று நாம் அஞ்சும் கருவி மீட்டுத் தந்திருக்கிறது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒலிக்கும் உறுமியை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். அதன் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறுபக்கத்தை அடிக்கிறார்கள். தேய்ப்பில்தான் அந்த ஓசை குழைந்து ஏறி இறங்குகிறது. உறுமு என்னும் வினையே கருவிக்குப் பெயராயிற்று. திரையில் விரல் தேய்ப்பதும் தோலில் குச்சி தேய்ப்பதும் தொழிலளவில் நெருங்கிய உறவினர் என்பேன். இசையறிஞர் சிலர் இதை ஏற்கமாட்டார்கள், ஏற்காமற் போகட்டும்.

இனி என் துறைக்கு வருகிறேன். நம் இளைஞர்கள் இக்கருவிகளைப் பற்றி எவ்வாறு பேசுகிறார்கள்? “ரிவெர்ப் கொஞ்சம் கூட்டு”, “டிலேயைக் குறை”, “லூப் போடு”, “ஸ்வைப் பண்ணு”. இதில் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டு வருந்துவோர் பலர். எனக்கு அவ்வருத்தம் குறைவு. கருவிப் பெயர் கருவியோடு வரும். கருவி மறையும்போது தானும் மறையும். தமிழ் பிறமொழி வினையை அப்படியே வினையடியாக எடுத்துக்கொள்வது மிக அரிது. அதைப் பெயராக்கி, பின்னால் தன் வினை ஒன்றை நிறுத்தும். ஆகவே ‘ஸ்வைப் பண்ணு’ என்பதில் இலக்கணம் தமிழ்தான். எனக்குள்ள கவலை அந்தப் ‘பண்ணு’ பற்றியது. ஸ்வைப் பண்ணு, டிராக் பண்ணு, டேப் பண்ணு, பிஞ்ச் பண்ணு: விரல் நான்கு வேறு தொழில் செய்கிறது, தமிழ் வினை ஒன்றே நிற்கிறது. வேறுபாடு முழுவதும் இரவல் பெயரிடம் போய்விட்டது.

விரல் தொழிலுக்குத் தமிழில் சொல் இல்லாமலா இந்நிலை வந்தது? சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைக் கோவலனிடம் கொடுப்பதற்கு முன் அதை இசைத்துப் பார்க்கிறாள். அங்கே அவள் விரல்கள் செய்யும் தொழில்கள் எட்டாகச் சொல்லப்படுகின்றன. சுட்டுவிரல் மட்டும் செய்வது வார்தல். சுட்டுவிரலும் பெருவிரலும் கூடி நரம்பை உள்ளும் புறமும் இயக்கி ஆராய்வது வடித்தல். நரம்பை இடைவிட்டுத் தொட்டு ஒப்பிடுவது உறழ்தல். உந்துவதும், உருட்டுவதும், அள்ளுவதும் தனித்தனித் தொழில்களே. இரண்டு விரல்கள் சேர்ந்து திரையில் செய்வதைப் பிஞ்ச் என்று ஆங்கிலம் சொல்லுமுன், பெருவிரலும் சுட்டுவிரலும் கூடும் தொழிலுக்கு நம்மிடம் பெயர் இருந்தது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நரம்பு வேறு, கண்ணாடி வேறு. ஆனால் உருட்டு, உந்து, அள்ளு, வழுக்கு, தேய், தட்டு, வருடு ஆகியவை இன்றும் உயிருள்ள வினைகள். “அந்த சுரத்தில் விரலை உருட்டு, வழுக்காதே” என்று ஓர் ஆசிரியர் சொன்னால் மாணவரின் விரலுக்கு உடனே புரியும். ‘ஸ்லைடு பண்ணு’ என்பதிலிருந்து அவ்வளவு நுட்பம் கிடைக்காது.

இதே கோலாலம்பூரில்தான் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாகவே கண்ணாடியில் தமிழ் எழுத்தைத் தொட்டு எழுதும் வசதி நம் கைக்கு வந்தது. எழுத்துக்கு நடந்தது இசைத்திரைக்கும் நடக்கலாம். அதற்கு முன், திரையில் எழுதவேண்டிய சொல் எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ரிவெர்ப், டிலே இரண்டுக்கும் மாணவர்கள் ‘எதிரொலி’ என்றே எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 17 மீட்டர் தொலைவிலுள்ள பாறையில் பட்டுத் திரும்ப அதற்குப் பத்தில் ஒரு வினாடி ஆகும்; அப்போது காது அதைத் தனி ஒலியாகப் பிரித்துக் கேட்கும். அது எதிரொலி, திரையில் டிலே. பல பரப்புகளில் பட்ட ஒலிகள் பிரித்தறிய இயலாதபடி நெருங்கி வந்து, மூல ஒலிக்கு வால்போல் நீண்டு தேய்ந்தால் அது ரிவெர்ப். இதற்குச் ‘சிலம்பல்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். சிலம்பு என்பது மலைக்கும் பெயர். சிலம்புதல் என்றால் ஒலித்தல், எதிரொலித்தல். மலையும் முழக்கமும் ஒரே சொல்லில் குடியிருப்பதால் இது பொருந்தும் என்பது என் கருத்து. கார்வை என்பதையே ஆளலாமே என்று கேட்பீர்கள். கார்வை வாசிப்பவர் கையிலும் குரலிலும் உள்ள நீட்சி. சிலம்பல் இடம் தருவது. திரை இரண்டையும் செய்யும் என்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் நடத்த வேண்டியதில்லை. மாணவர்களைப் பத்துமலைக்கு, விழாக்கூட்டம் இல்லாத ஒரு வேலைநாள் காலையில் அழைத்துச் செல்லுங்கள். 272 படிகள் ஏறினால் கோயிற்குகை. அதன் விதானம் ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். வழிபடுவோருக்கு இடையூறின்றி ஒருமுறை கைதட்டச் சொல்லி, அந்த ஒலியைத் திறன்பேசியில் பதியச் செய்யுங்கள். விதானம் வரை சென்று திரும்பும் ஒலிக்கு ஏறத்தாழ 600 மில்லிவினாடி ஆகும். பக்கச் சுவர்களிலிருந்து வருவது முந்திக்கொள்ளும். எல்லாம் கலந்து சிலம்பும். பள்ளிக்குத் திரும்பியதும், குகையற்ற வகுப்பறையில் தட்டிய கைதட்டலுக்குத் திரையில் டிலேயை 600இல் வைத்துக் கேட்கட்டும். அடுத்து ரிவெர்பைக் கூட்டிக் கேட்கட்டும். குகையில் பதிந்ததோடு எது நெருங்குகிறது, எது விலகுகிறது என்று ஒவ்வொருவரும் தமிழில் ஐந்து வரி எழுதட்டும். ‘பண்ணு’ என்னும் வினை மட்டும் வரக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.