உன் உடம்பு அப்படி



வலியைப் பத்திப் பேசணும்னா அதை யார் அளக்கிறாங்கன்னு முதல்ல கேக்கணும். இந்திய ராணுவத்தில் முதுகுத்தண்டு, முட்டி கெட்டு வெளியே வருகிற சிப்பாயை மெடிக்கல் போர்டு முன்னால் நிறுத்துவார்கள். ஊனம் எத்தனை சதம், அது ராணுவ வேலையால் வந்ததா, இந்த இரண்டுக்கும் போர்டு பதில் எழுதும். 20 சதத்துக்குக் கீழே என்றால் ஊனத்துக்கான பென்ஷன் இல்லை. கால் போனவனுக்கு இல்லாத காலே சாட்சி. ராத்திரியெல்லாம் முதுகு எரிகிறவன் எதைக் காட்டுவான்?

நான் பேங்க் கவுண்டரில் உட்காருகிறவன். நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வருகிற மிலிட்டரிக்காரர்களில் சிலர் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார்கள். ‘உக்காந்தா எழுந்திரிக்க முடியாது தம்பி’ என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது பட்டாளத்து மிடுக்கு!

தரம்வீர் சிங் 1985இல் சிக்னல் படைப்பிரிவில் சேர்ந்தவர். 1994இல் வலிப்பு நோய், 20 சத ஊனம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இது உடல்வாகுக் கோளாறு, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போர்டு எழுதியது. ஊன பென்ஷன் கிடையாது. உச்சநீதிமன்றம் 2013இல்தான் இதைத் திருப்பிப் போட்டது: சேரும்போது நோய் என்று எதையும் குறிக்கவில்லையா, அப்படியானால் சர்வீஸில் வந்தது என்றே கொள்ளவேண்டும், இல்லையென்று நிரூபிப்பது ராணுவத்தின் வேலை, சிப்பாயின் வேலை அல்ல. இதைச் சொல்ல 19 வருஷம்.

‘உன் உடம்பு அப்படி.’ நமக்கு இது புதுசா? மகார்கள் வீர இனமில்லை என்று 1890களில் பட்டாளக் கதவைச் சாத்தினான் வெள்ளைக்காரன். ஆள் தட்டுப்பட்டதும் 1917இல் 111ஆவது மகார் படையை எழுப்பினான், 1921இல் கலைத்தான், 1941இல் மறுபடி கூப்பிட்டான். அந்தந்த வருஷத் தேவைக்குத் தகுந்தமாதிரி நம்ம உடம்பின் பிறவிக் குணம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது!

மெடிக்கல் போர்டு சாதி பார்த்து எழுதுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாச் சாதிச் சிப்பாய்க்கும் இதே வாக்கியம்தான். பழியை உடம்பு மேல் போட்டால் வேலை வாங்கினவன் தப்பித்துக்கொள்ளலாம். அந்தத் தந்திரம்தான் நமக்குத் தெரிந்த தந்திரம்.

2023இல் விதிகளைப் புதுசாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் வெளியே வந்தவர்கள் நம்ம சேரிகளில் நிறையப் பேர். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறபோது அவர்களுடைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சேரும்போது என்ன எழுதினான், அனுப்பும்போது என்ன எழுதினான், இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டுங்கள். சென்னையில் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு எழுத நான் வருகிறேன்.