இரண்டு களஞ்சியங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலை. முதல் திருப்பலி முடிந்து கோயில் முகப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம் மகனோடு காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். "மாசம் பொறந்தா எனக்கு பென்ஷன் வந்துடுது. நீ ஷேர் மார்க்கெட்ல போடுற காசு நாளைக்கு இருக்குமா?" என்றார் தந்தை. "எனக்கு எந்த அரசாங்கம்ப்பா பென்ஷன் தரப்போகுது? நானா சேர்த்தாத்தான் உண்டு" என்றார் மகன்.

முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டட வேலையில் சித்தாள், கணவர் இல்லை, வயது 57. என்னிடம் வந்து, "சாமி, இந்த ரெண்டுமே இல்லாத நான் என்ன செய்ய?" என்று கேட்டார். "கவலைப்படாதீங்கம்மா, கடவுள் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு அடுத்த திருப்பலிக்குப் போய்விட்டேன். பீடத்தில் நிற்கும்போதே அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது.

அந்தத் தந்தையும் மகனும் சொன்னது இரண்டுமே உண்மைதான். பழைய ஓய்வூதியத்தில் விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். அவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். சந்தை சரிந்தாலும், அவர் 90 வயது வரை வாழ்ந்தாலும் அந்தச் சுமை அரசின் தோளில். ஆனால், 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கே அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டு, சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம் வந்தது. தனியார் வேலையில் இருக்கும் மகன் தாமே சேர்ப்பதைக் குறை சொல்ல முடியுமா? மாதம் 1,000 ரூபாய் வீதம் 30 ஆண்டுகள் சேர்த்து, ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி கிடைத்தால் ஏறத்தாழ 15 லட்சம் ஆகும். 10 ஆண்டு தாமதித்து 20 ஆண்டுகள் மட்டும் சேர்த்தால் 6 லட்சம்கூடத் தேறாது. சீக்கிரம் தொடங்குவது விவேகம். ஆனால் அந்த 8 சதவீதத்துக்கு யாரும் உறுதி தருவதில்லை. சரிந்தால் அந்தச் சுமை முழுவதும் அவர் ஒருவர் தலையில்.

விவிலியத்தில் இரண்டு களஞ்சியங்களைப் பார்க்கிறோம். தொடக்க நூல் 41-ஆம் அதிகாரத்தில் யோசேப்பு கட்டியது ஒன்று. வளமான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார். பஞ்சம் வந்தபோது அந்தக் களஞ்சியங்களைத் திறந்தார். மற்றொன்று, லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் அறிவற்ற செல்வன் கட்ட நினைத்தது. இருவர் சேர்த்ததும் தானியம்தான். இருவரும் நாளையைத்தான் நினைத்தார்கள். யோசேப்பைக் கடவுள் ஆசீர்வதித்தார். செல்வனை அறிவிலி என்றார். ஏன்? சேமித்ததற்காக அல்ல. அந்தச் செல்வனின் பேச்சைக் கவனியுங்கள்: என் விளைச்சல், என் களஞ்சியம், என் நெஞ்சே! அவனுடைய கணக்கில் அடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே, பென்ஷனா முதலீடா என்பதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது: நம் களஞ்சியத்தின் கதவு யாருக்காவது திறக்கிறதா?

பென்ஷன் வாங்குகிறவர்களே, அந்தப் பணம் உங்கள் உழைப்பின் உரிமை, பிச்சை அல்ல. திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-இலும், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இலும் தங்கள் சுற்றுமடல்களில் முதுமைக்காலப் பாதுகாப்பை மனித உரிமையாகவே எழுதினார்கள். ஆனால் அது ஆசிரியருக்கு மட்டும் உரிய உரிமையா? சோப்பு வாங்கும்போதெல்லாம் அந்தச் சித்தாள் அம்மாவும் வரி கட்டுகிறார். உங்கள் பென்ஷனில் அவருடைய காசும் இருக்கிறது.

முதலீடு செய்கிற பிள்ளைகளே, மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படியுங்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கண்டித்தார். "எல்லாம் முதலீட்டுல கிடக்குதும்மா, இப்ப எடுக்க முடியாது" என்று சொல்லித் தாயின் மருந்துச் செலவைத் தள்ளிப்போட்டால், அதுவும் கொர்பான்தான். இன்னொன்று: மாதம் 10 சதவீத வட்டி தருகிறேன் என்று யாராவது வந்தால், அது ஆண்டுக்கு 120 சதவீதம் என்பதை நினையுங்கள். நேர்மையான எந்தத் தொழில் அவ்வளவு தரும்? ஓய்வுக்காலப் பணத்தை அப்படிக் கொடுத்துவிட்டு அழுதவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை! எப்போதோ பதிவு செய்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் காலாவதியாகிவிட்டது. பங்கு இளைஞர்கள் இருவர் அவரை இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போனார்கள். புதுப்பிப்பு கிடைத்துவிட்டது. 60 வயதில் அவர் வாரிய ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

அவருடைய மகளுக்கு வயது 25. அடல் பென்ஷன் திட்டத்தில் மாதம் 376 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் உறுதி. நல்லது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 35 ஆண்டு கழித்து அந்த 5,000 இன்றைய 650 ரூபாய்க்குத்தான் சமம். எனவே அரசுத் திட்டமும் வேண்டும், சொந்தச் சேமிப்பும் வேண்டும். இரண்டும் போதாத இடத்தில் அன்பியம் நிற்க வேண்டும்.

சிலுவையில் தொங்கும்போது இயேசு தம் தாயிடம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அன்புச் சீடரிடம் அவரை ஒப்படைத்தார். சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். கடவுள் பார்த்துக்கொள்கிறார் என்பது உண்மை. அவர் நம் கண்களால் பார்க்கிறார். நம் கைகளால் செய்கிறார்.

இந்த வாரம் உங்கள் தெருவில் தனியாக வாழும் ஒரு முதியவர் வீட்டுக்குப் போங்கள். அட்டை இருக்கிறதா, புதுப்பித்தாயிற்றா, பணம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். உங்கள் களஞ்சியத்தின் கதவு அப்போது திறக்கும்.

அன்பு இறைவா, உழைத்துக் களைத்த கைகள் முதுமையில் வெறுங்கையாய் நீளாதிருக்க, எங்களுக்கு யோசேப்பின் அறிவையும் உம் திருமகனின் இதயத்தையும் தாரும். ஆமென்.