திக்விரதமும் மின்மகிழுந்தும்

(மகாவீர் ஜயந்தி விழாவில் சென்னிமலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சாவகருக்கு உரிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். இன்ன திசையில் இன்ன எல்லை வரையே செல்வது என வரையறுத்துக்கொள்வது அது. எல்லைக்கு அப்பால் செல்லாதவரால் அங்குள்ள உயிர்களுக்குத் துன்பம் இல்லை என்பதே அதன் கருத்து.

விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலையும், சீனாபுரத்தவர் எனப் போற்றப்படும் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரையும் பெற்றது இக்கொங்கு மண். இங்கு இன்று ஒரு வாகனம் அவ்விரதத்தை நினைவூட்டுகின்றது. அது மின்மகிழுந்து. கோவைக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. 1993இல் வெளிவந்த 'லவ்பேர்ட்' என்னும் மின்மகிழுந்து சாலக்குடியிலும் கோவையிலும் உருவானது. ஈய மின்கலத்தால் ஓடிய அதன் எல்லை சுமார் 60 கி.மீ.

இன்று சென்னிமலையில் போர்வை வாணிபம் செய்யும் சாவகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவரிடம் 30 அலகு கொள்ளும் மின்கல வண்டி உள்ளது. ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 60 கி.மீ. அதற்கு 9 அலகு மின்சாரம் போதும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று, நான்கு மணி நேரத்தில் அது மீண்டும் நிரம்பும். கோவைக்குச் செல்வதாயின் முன்னிரவே கணக்கிட வேண்டும். மின்தடை நேருமா, வழியில் மின்னேற்ற நிலையம் உண்டா என்று பார்க்க வேண்டும். இரு மாதப் பயன்பாடு 500 அலகைக் கடந்தால் கட்டண விகிதம் உயரும் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே ஒவ்வோர் இரவும் அவர் தம்மையே கேட்கின்றார்: நாளை எவ்வளவு தொலைவு தேவை? விரதம் கேட்கும் வினாவும் இதுவே.

ஆயினும், புகை இல்லாமையாலேயே அது இம்சையற்ற வாகனம் ஆகிவிடாது. பல்லடம், உடுமலைப் பகுதிக் காற்றாலைகள் தரும் மின்சாரத்தோடு, மேட்டூரில் நிலக்கரி எரித்துப் பெறும் மின்சாரமும் அதில் கலந்தே வருகின்றது. மின்கலத்திற்கு வேண்டிய லித்தியத்திற்காக எங்கோ நிலம் அகழப்படுகின்றது. இம்சை நால்வகை: சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம். இல்லறத்தார் முற்றிலும் விடத்தக்கது முதலாவது ஒன்றே. ஏனையவற்றைக் குறைத்தல் கடன். மின்மகிழுந்து குறைக்கும் வழியேயன்றி நீக்கும் வழியன்று.

ஓசையின்மை அதன் சிறப்பு. அதுவே ஆபத்தும் ஆகும். தெருவில் உறங்கும் நாயும், குறுக்கே ஓடும் அணிலும், நடந்து செல்லும் முதியவரும் மெல்ல வரும் வண்டியை அறியார். நான்கு முழம் முன்னோக்கி நடக்கும் முனிவரின் ஈரியா சமிதியை வண்டியோட்டுபவரும் ஓரளவேனும் கைக்கொள்ளல் வேண்டும்.

மற்றொன்று பரிக்கிரகம். பழைய வண்டி இருக்க, அருகில் புதியதொன்று நின்றால் உடைமை பெருகிற்றேயன்றி அறம் பெருகவில்லை. செலவு குறைந்ததென்று வீண் பயணம் கூட்டினால் குறைத்த இம்சை மீண்டும் வந்து சேரும்.

சென்னிமலை மலைப்பாதையில் இறங்குகையில் வண்டியின் வேகத்தை அடக்கும் விசையே மின்சாரமாகி மின்கலத்திற்குத் திரும்புகின்றது. ஏறுகையில் செலவானது முழுதும் மீளாது; ஒரு பகுதியே மீளும். அந்தப் பகுதியும் வேகத்தை அடக்கியவருக்கே கிட்டும். அடக்கத்தின் பயனை இம்மலைப்பாதையே காட்டுகின்றது.

அறம் வளர்க! உயிர்கள் அனைத்தும் இன்புற்று வாழ்க!