பவர் பத்திரமும் மறதி நோயும்

அப்பாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் மூத்த மகன் சொல்வது இதுதான்: "பவர் என் பேர்லதான் இருக்கு, நான் பாத்துக்கறேன்."

சிக்கலே அங்கேதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். நினைவு தப்பினால் உதவும் என்று வாங்கிய பத்திரம், உதவ வேண்டிய நேரத்தில் வெறும் காகிதம்! இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், நினைவு தப்பிய பிறகும் நீடிக்கும் பத்திரத்துக்கு வழி செய்திருக்கிறது. இந்தியாவில் அந்த வழி இல்லை. காப்பாளராக நியமிக்கக் கேட்டு நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும்.

அப்பாவுக்கு விவரம் புரிகிற வரை பவர் செல்லும். ஆனால் பணம் அவருடையது. அதை உங்கள் கணக்கில் கலக்காதீர்கள். மருந்துக் கடை பில்லிலிருந்து வீட்டுவரி ரசீது வரை எடுத்து வையுங்கள். அவர் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213-ஆம் பிரிவு. தங்கைக்கும் மாதாமாதம் ஒரு நகல் அனுப்புங்கள். பாதிச் சண்டை வராது. வக்கீல்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்!

மனநல சிகிச்சைக்கு வழி வேறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் சார்பில் பேச ஒருவரை அப்பாவே நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும்.